நகரும் இன்ட்ரானை வைத்து பாக்டீரியா மரபணுவை உடைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக்டீரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்யப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று, மரபுத்தொகுதிக்குள் இடம் மாறும் இயல்புள்ள குரூப்-2 இன்ட்ரானை நாம் சொல்லும் இடத்தில் போய் உட்கார வைப்பது. இன்ட்ரான் என்பது மரபணுவின் நடுவே இருந்து, ஆர்என்ஏவாகப் படிக்கப்பட்டபின் வெட்டி நீக்கப்படும் பகுதி. ஆய்வகங்களில் இதை டார்ஜெட்ரான் என்பார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் உயிரித்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் படிக்கும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். இன்ட்ரானை உள்ளே செருகுவது இந்த வேலையில் பாதிதான். அது அந்த ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நிரூபிப்பது மறுபாதி. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த மறுபாதியைப் பற்றியது.

இன்ட்ரான் என்பது மனிதன், ஈஸ்ட் போன்றவற்றில் இருப்பதல்லவா? பாக்டீரியாவில் எங்கே வந்தது?

குரூப்-2 இன்ட்ரான்கள் பாக்டீரியாவிலும் உண்டு என்பது 1993-இல் தெரிய வந்தது. நாம் பயன்படுத்துவது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற, பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவிலிருந்து வந்தது. அங்கே எல்டிஆர்பி என்ற மரபணுவின் நடுவில் இது உட்கார்ந்திருக்கிறது. முழு நீளம் சுமார் 2,500 அடி இணைகள் (அடி என்பது டிஎன்ஏவின் ஓர் எழுத்து). இதற்குள்ளேயே எல்டிஆர்ஏ என்ற புரதத்துக்கான குறியீடும் இருக்கிறது. ஆர்என்ஏவை மடித்து வெட்டி ஒட்ட உதவுவது, டிஎன்ஏவின் ஓர் இழையை வெட்டுவது, ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எழுதுவது என்று மூன்று வேலைகளையும் அந்த ஒரே புரதம் செய்கிறது.

அது இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்ட்ரான் ஆர்என்ஏவும் எல்டிஆர்ஏ புரதமும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான் டிஎன்ஏவைத் தேடிப் போகிறது. தேர்வில் பெரும்பங்கு ஆர்என்ஏவுக்கு. இன்ட்ரானில் இபிஎஸ்2, இபிஎஸ்1, டெல்டா என்ற மூன்று சிறு பகுதிகள், செருகும் புள்ளியைச் சுற்றி −12 முதல் +3 வரை உள்ள அடிகளோடு இணை சேர்கின்றன. புரதம் பார்ப்பது ஒரு சில அடிகளை மட்டும்: முன்பக்கம் −23-இல் டி, −21-இல் ஜி, −20-இல் ஏ; பின்பக்கம் +5-இல் டி.

இணை சேர்ந்ததும் ஆர்என்ஏ மேல் இழைக்குள் தன்னைத்தானே செருகிக்கொள்கிறது. புரதம் கீழ் இழையைச் சற்றுத் தள்ளி, +9-க்குப் பிறகு வெட்டுகிறது. அந்த வெட்டு முனையையே தொடக்கமாகக் கொண்டு ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதுகிறது. மீதியை பாக்டீரியாவின் சொந்தப் பழுதுபார்க்கும் நொதிகள் முடித்துவிடும். ஈ. கோலையில் இதற்கு, ஒத்த வரிசைகளை இடம் மாற்ற உதவும் ரெக்-ஏ புரதமே தேவையில்லை. ஒத்த வரிசைகள் இடம் மாற்றிக்கொள்வதை நம்பியிருக்கும் பழைய முறைகள் கைகொடுக்காத வகைகளிலும் இது வேலை செய்வதற்கு அதுதான் காரணம்.

ஆர்என்ஏவின் அந்த மூன்று பகுதிகளையும் மாற்றி எழுதினால் இன்ட்ரான் வேறு முகவரிக்குப் போகும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் லம்போவிட்ஸின் குழு 2000, 2001 ஆண்டுகளில் இதைத்தான் செய்து காட்டியது.

எந்த இடத்தைத் தேர்வது? மரபணுவில் எங்கு வேண்டுமானாலும் செருகலாமா?

முடியாது. புரதம் எதிர்பார்க்கும் அடிகள் சரியான இடைவெளியில் இருக்க வேண்டும். சராசரியாகச் சில நூறு அடிகளுக்கு ஒரு நல்ல இடம் கிடைக்கும். சின்ன மரபணு என்றால் ஒன்றிரண்டுதான் தேறும். கண்ணால் பார்த்துத் தேர்வது வீண் வேலை. மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் கணினி நிரலில் மரபணு வரிசையைக் கொடுத்து, மேலே வரும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நம்பி பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழை) வாங்காதீர்கள். மதிப்பெண் நன்றாக இருந்தும் வேலை செய்யாத இடங்கள் உண்டு.

வரும் பட்டியலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, மரபணுவின் எந்தப் பகுதி என்பது. கடைசிப் பகுதியில் செருகினால் பாதிப் புரதம் உருவாகி அதுவே வேலை செய்துவிடலாம். தொடக்கக் குறியீட்டை ஒட்டியே செருகினால், சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு தொடக்கக் குறியீட்டிலிருந்து புரதம் உருவாகலாம். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், ஆனால் வாசலை விட்டுச் சற்று உள்ளே இருப்பது நல்லது. இரண்டாவது, திசை. மரபணுவின் எதிர்த்திசையில் இன்ட்ரான் உட்கார்ந்தால் மரபணு நிரந்தரமாக உடைந்தது. அதே திசையில் உட்கார்ந்தால், எல்டிஆர்ஏ புரதம் கிடைக்கும்போதெல்லாம் இன்ட்ரான் ஆர்என்ஏவிலிருந்து வெட்டி வெளியேறி மரபணு ஓரளவு உயிர்பெறும். வேண்டுமென்றே அப்படி விரும்புகிறவர்கள் உண்டு. சாதாரண வேலைக்கு எதிர்த்திசையே பாதுகாப்பு.

பிளாஸ்மிடில் என்னென்ன இருக்கிறது?

இன்ட்ரானைச் செல்லுக்குள் கொண்டுபோவது பிளாஸ்மிட் என்ற, குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் பெருகும் வட்ட டிஎன்ஏ. ஈ. கோலைக்குப் பரவலாகப் பயன்பட்டது பிஏசிடி4கே-சி. நீளம் சுமார் 7,700 அடி இணைகள், குளோராம்பெனிகால் எதிர்ப்பு, டி7 புரோமோட்டர் (டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் படிக்கத் தொடங்கும் இடம்). இன்ட்ரானுக்குள்ளிருந்து எல்டிஆர்ஏ குறியீட்டை எடுத்து வெளியே, கீழ்ப்பக்கம் வைத்திருப்பார்கள். இந்த மாற்றம்தான் முறைக்கு உயிர்நாடி. செருகல் முடிந்து பிளாஸ்மிட் போனதும் எல்டிஆர்ஏவும் போய்விடும். இன்ட்ரான் அதன்பின் வெளியேறவோ வேறு இடத்துக்குத் தாவவோ முடியாது.

இன்ட்ரானுக்குள் கானமைசின் குறியீடு ஒன்று, அதாவது கானமைசின் எதிர்ப்பைத் தந்து அடையாளம் காட்டும் மரபணு இருக்கும், ஆனால் முழுதாக இருக்காது. அதன் நடுவே டி4 ஃபேஜிலிருந்து எடுத்த டிடி என்ற குரூப்-1 இன்ட்ரானைச் செருகி உடைத்து வைத்திருப்பார்கள். கானமைசின் மரபணு எதிர்த்திசையிலும், டிடி நம் இன்ட்ரானின் திசையிலும் இருக்கும். ஆகவே நம் இன்ட்ரான் ஆர்என்ஏவாகப் படிக்கப்பட்டால் மட்டுமே டிடி தன்னை வெட்டிக்கொண்டு வெளியேறும். அந்த ஆர்என்ஏ குரோமோசோமுக்குள் போய் டிஎன்ஏவாக எழுதப்பட்ட பிறகுதான் கானமைசின் எதிர்ப்பு கிடைக்கும். பிளாஸ்மிட் உள்ளே இருப்பதால் மட்டும் ஒரு செல் கானமைசின் தட்டில் பிழைக்காது. தட்டில் காலனி வந்தாலே எங்கேயோ செருகல் நடந்திருக்கிறது என்று நம்பிக்கையோடு தொடங்கலாம்.

இன்ட்ரானை மறுகுறி வைக்கும் பிசிஆரில் நான்கு பிரைமர்கள் ஏன்?

வெளிப்பக்கம் இரண்டு: ஐபிஎஸ் (இன்ட்ரானுக்கு மேற்பக்கமுள்ள எக்சானில் இபிஎஸ்ஸோடு இணை சேரும் பகுதிக்கானது), இபிஎஸ்1டி. உள்ளே இரண்டு: இபிஎஸ்2, எல்லாருக்கும் பொதுவான இபிஎஸ் யூனிவர்சல். ஐபிஎஸ்ஸும் யூனிவர்சலும் சேர்ந்து ஒரு துண்டு, இபிஎஸ்2-உம் இபிஎஸ்1டியும் சேர்ந்து இன்னொரு துண்டு. இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இணைந்து 350 அடி இணைத் துண்டாகின்றன. இலக்கோடு இணை சேரும் பகுதிகளை மட்டும் மாற்றினால் போதாதா, ஐபிஎஸ்ஸையும் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். இன்ட்ரான் முதலில் பிளாஸ்மிட் ஆர்என்ஏவிலிருந்து வெட்டுப்பட்டு வெளியே வர வேண்டும். அதற்கு மேற்பக்க எக்சானும் புதிய இபிஎஸ்ஸோடு பொருந்தியாக வேண்டும். அதை மாற்றாவிட்டால் இன்ட்ரான் பிளாஸ்மிடிலேயே சிக்கிக் கிடக்கும்.

பிரைமர் கலவை: 100 மைக்ரோமோலார் ஐபிஎஸ் 2 மைக்ரோலிட்டர், 100 மைக்ரோமோலார் இபிஎஸ்1டி 2 மைக்ரோலிட்டர், 20 மைக்ரோமோலார் இபிஎஸ்2 2 மைக்ரோலிட்டர், 20 மைக்ரோமோலார் யூனிவர்சல் 2 மைக்ரோலிட்டர், தண்ணீர் 12 மைக்ரோலிட்டர். இதில் 1 மைக்ரோலிட்டரை 50 மைக்ரோலிட்டர் பிசிஆருக்குப் போடுங்கள். வெளிப் பிரைமர்கள் ஐந்து மடங்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள். நான்கையும் சம அளவில் போட்டால் பாதித்துண்டுகள் குவிந்து 350 மங்கிவிடும். ஓட்டம்: 94 டிகிரியில் 30 நொடி, பிறகு 94-இல் 15 நொடி, 55-இல் 30 நொடி, 72-இல் 30 நொடி என்று 30 சுற்று, கடைசியில் 72-இல் 2 நிமிடம்.

ஜெல்லில் 350-க்குக் கீழே இன்னொரு பட்டை தெரிந்தால் பதற வேண்டாம், அது பாதித்துண்டு. 350 பட்டையை மட்டும் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். 350 வரவே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரைமர்களைக் கரைத்த விதம். உலர்ந்து வரும் பிரைமர் குழாயைத் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒருமுறை சுற்றாவிட்டால் பொடி மூடியில் ஒட்டிப் போய்விடும். பிறகு எழுதிய செறிவு ஒன்று, இருப்பது ஒன்று.

துண்டைப் பிளாஸ்மிடில் ஒட்டும்போது எங்கே தவறுகிறது?

வெட்ட ஹிண்ட்-3, பிஎஸ்ஆர்ஜி-1 என்ற இரண்டு நொதிகள். ஹிண்ட்-3-க்கு 37 டிகிரி. பிஎஸ்ஆர்ஜி-1-ஐ 60 டிகிரியில் வைக்கச் சொல்லும் நெறிமுறைகளும் உண்டு, 37-இல் வைக்கச் சொல்லும் தயாரிப்புகளும் உண்டு. பெட்டியோடு வரும் தாளைப் பாருங்கள், சீனியர் நோட்டில் இருப்பதைப் பார்க்காதீர்கள். நீளமான பிரைமர்களில் ஓர் அடி குறைந்த மூலக்கூறுகள் எப்போதும் கலந்திருக்கும். அதனால் ஒட்டிய பிறகு மூன்று நான்கு காலனிகளிலிருந்து பிளாஸ்மிட் எடுத்து, 350 முழுவதையும் வரிசை படித்துவிடுங்கள். இபிஎஸ்1-இல் ஓர் எழுத்து பிழை என்றாலும் அடுத்த மூன்று வாரம் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

தூண்டும் நாளின் அளவுகளைச் சொல்லுங்கள்.

டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் உள்ள வகை தேவை; பிஎல்21 டிஇ3 போதும். பிளாஸ்மிட் ஏறிய காலனியை 1% குளுக்கோஸும் 25 மைக்ரோகிராம்/மில்லி குளோராம்பெனிகாலும் உள்ள எல்பி திரவத்தில் இரவு முழுவதும் வளர்க்கவும். குளுக்கோஸ், டி7 அமைப்பு முன்கூட்டியே கசியாமல் பிடித்து வைக்கிறது. காலையில் அதே கலவையின் 2 மில்லியில் 40 மைக்ரோலிட்டர் போட்டு, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி (ஓடி) 0.2 வரும்வரை வளர்க்கவும். சுமார் ஒரு மணி நேரம். டி7 அமைப்பைத் தூண்டும் வேதிப்பொருளான ஐபிடிஜி (100 மில்லிமோலார்) 10 மைக்ரோலிட்டர் சேர்த்து 30 டிகிரியில் 30 நிமிடம். சென்ட்ரிஃப்யூஜ் செய்து, குளோராம்பெனிகால் இல்லாத 1 மில்லி எல்பி-குளுக்கோஸில் கலக்கி 30 டிகிரியில் ஒரு மணி நேரம் மீளவிடவும். 25 மைக்ரோகிராம்/மில்லி கானமைசின் தட்டில் 100 மைக்ரோலிட்டர் பரப்பி, 30 டிகிரியில் இரண்டு மூன்று நாள் காத்திருக்கவும். அந்தத் தட்டில் குளோராம்பெனிகாலும் சேர்க்காதீர்கள்.

37 டிகிரியில் செய்தால் என்ன? எங்கள் இன்குபேட்டர் 30-க்கு இறங்கவே மாட்டேன் என்கிறது.

வேலூரில் இது உண்மையான சிக்கல். இந்த இன்ட்ரானின் சொந்த வீடு 30 டிகிரி வாக்கில் வளரும் பாக்டீரியா. சூடு ஏறினால் ஆர்என்ஏ-புரதக் கூட்டின் திறன் குறையும். சித்திரை, வைகாசியில் வெளியே 40-ஐத் தாண்டும், ஏசி இல்லாத ஆய்வக அறை 35-ஐத் தொடும். சாதாரண இன்குபேட்டரால் அறை வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. திரையில் 30 என்று காட்டும், உள்ளே இருக்கும் வெப்பமானி 36 காட்டும். குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டரில் தட்டுகளை வையுங்கள். ஷேக்கரிலும் இதே கதை. மோட்டார் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷேக்கருக்குள் ஒரு குடுவைத் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு வைத்து அதை மட்டும் நம்புங்கள். காற்றின் அளவு கதவைத் திறந்ததும் மாறும், தண்ணீரின் அளவு மாறாது. குளிரூட்டும் ஷேக்கர் இல்லையென்றால், தூண்டும் அந்த அரை மணி நேரத்தையும் மீளவிடும் ஒரு மணி நேரத்தையும் 30-க்குச் சரிசெய்த தண்ணீர்த் தொட்டியில், அவ்வப்போது கையால் கலக்கி ஓட்டலாம்.

அதிக வெப்பத்தில் வளரும் பாக்டீரியாவுக்கு வேறு இன்ட்ரான் உண்டு. வெந்நீர் ஊற்றின் சயனோபாக்டீரியாவிலிருந்து எடுத்த டிஇ-ஐ3சி, 48 டிகிரியில் க்ளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லத்தில் வேலை செய்திருக்கிறது.

காலனி வந்துவிட்டது. உடைந்தது என்று எப்படி நிரூபிப்பது?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. முதல் பிசிஆர்: செருகும் இடத்துக்கு இரு பக்கமும் 200 முதல் 300 அடி தள்ளி இரண்டு பிரைமர்கள். இயல்பு வகையில் 500 வந்தால், மாற்றுருவில் சுமார் 2,000 கூடி வர வேண்டும். நீட்டும் நேரத்தை 3 நிமிடம் கொடுங்கள். இரண்டும் கலந்திருந்தால் குட்டைத் துண்டு எப்போதும் முந்திக்கொள்ளும். இயல்பு வகை டிஎன்ஏ, தண்ணீர், பிளாஸ்மிட் மட்டும் என்று மூன்று கட்டுப்பாடுகளையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

இரண்டாவது பிசிஆர்: மரபணுவிலிருந்து ஒரு பிரைமர், இன்ட்ரானுக்குள் இருக்கும் இபிஎஸ் யூனிவர்சல் ஒன்று. செருகல் இருந்தால் மட்டுமே பட்டை வரும். அதை வரிசை படித்தால் மரபணுவும் இன்ட்ரானும் சந்திக்கும் அந்த எழுத்து எது என்று தெரியும்.

மூன்றாவது, பலர் விட்டுவிடுவது: இன்ட்ரானை மட்டும் ஒட்டும் துருவியோடு சதர்ன் பிளாட் (வெட்டிய டிஎன்ஏ துண்டுகளில் துருவி ஒட்டும் துண்டுகளைக் காட்டும் சோதனை), அல்லது முழு மரபுத்தொகுதி வரிசை. இலக்கில் ஒன்று, வேறெங்கோ இன்னொன்று என்று இரண்டு செருகல் இருந்தால் மேலே சொன்ன இரண்டு பிசிஆரும் அதைக் காட்டாது. வெளியே அனுப்பி முழு வரிசை படிக்கும் செலவு குறைந்துவிட்ட இந்நாளில், சதர்னுக்குக் கதிரியக்கத் துருவியோ வேதித் துருவியோ தேடி அலைவதைவிட அது எளிது.

இயல்புப் பட்டையும் பெரிய பட்டையும் சேர்ந்தே வருகிறது. ஏன்?

பெரும்பாலும் காலனி கலப்பு. செருகல் நடந்த செல்லும் நடக்காத செல்லும் ஒட்டி வளர்ந்திருக்கும். கானமைசின் தட்டில் இரண்டு முறை கோடு இழுத்துத் தனிக் காலனி எடுத்தால் தீரும். மூன்றாம் முறையும் இரண்டு பட்டையும் விடாமல் வந்தால், அந்த மரபணு உயிர்வாழ அவசியமானதா என்று யோசிக்க வேண்டும். அவசியமான மரபணுவின் இன்னொரு பிரதியை வைத்திருக்கும் செல்கள்தான் பிழைக்கும்.

காலனியே வரவில்லை.

வரிசையாகப் பாருங்கள்: 350 துண்டின் வரிசை, தூண்டும் வெப்பம், ஐபிடிஜி பழையதா, செல்லில் டி7 பாலிமரேஸ் உண்டா. இவை எல்லாம் சரி என்றால் இடம் மோசம். அடுத்த இடத்துக்குப் போங்கள். இந்தச் சந்தேகங்களை ஒரே நாளில் தீர்க்க ஒரு வழி: லாக்-இசட் மரபணுவைக் குறிவைத்த பிளாஸ்மிடை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள். எக்ஸ்-கால் (லாக்-இசட் நொதி நீலமாக்கும் பொருள்), ஐபிடிஜி சேர்த்த கானமைசின் தட்டில் உடைந்தது வெள்ளை, உடையாதது நீலம். லாக்-இசட் தட்டில் வெள்ளைக் காலனிகள் இருந்து உங்கள் தட்டு காலி என்றால் கோளாறு உங்கள் இடத்தில். இரண்டும் காலி என்றால் கோளாறு அன்றைய வேலையில். இந்தக் கட்டுப்பாட்டைத் தவிர்த்துச் சேமிக்கும் ஒரு தட்டுக்காக ஒரு மாதம் போகும்.

பாலாற்றங்கரை மண்ணிலிருந்து எடுத்த, குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியாவில் செய்யலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் பகுதிகளின் மண்ணில் இப்படிப்பட்டவை கிடைக்கின்றன. எந்த மரபணு ஆறு-இணைதிற குரோமியத்தை மூன்றாக மாற்றுகிறது, எது அதை வெளியே தள்ளுகிறது என்று கேட்பது நல்ல கேள்வி. நம் மண்ணுக்கே உரிய கேள்வியும்கூட. ஆனால் ஈ. கோலை பிளாஸ்மிடை அப்படியே தூக்கிப் போட முடியாது.

முதலில் அந்த வகையின் மரபுத்தொகுதி வரிசை வேண்டும். இல்லாமல் இடம் தேர்வது இருட்டில் தடவுவது. அடுத்து, கானமைசினை எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து பாருங்கள். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் சேர்ந்து வருவது சகஜம். ஏற்கெனவே கானமைசினைத் தாங்கும் வகையில் கானமைசின் குறியீட்டால் பயன் இல்லை. வேறு குறியீடுள்ள அமைப்பு வேண்டும்.

பிறகு பிளாஸ்மிட். சூடோமோனாஸ், அக்ரோபாக்டீரியம் போன்றவற்றுக்கு, பல இனங்களில் பெருகும் பிளாஸ்மிடில் எம்-டொலுயிக் அமிலத்தால் தூண்டப்படும் வடிவம் 2007-இல் வந்தது. ஸ்டஃபைலோகாக்கஸுக்கு காட்மியத்தால் தூண்டப்படுவது ஒன்று உண்டு. உலோகம் தாங்கும் வகைகளில் காட்மியத் தூண்டலை நம்புவதற்குமுன் யோசியுங்கள். க்ளாஸ்ட்ரிடியத்துக்கு எரித்ரோமைசின் குறியீடுள்ள க்ளாஸ்ட்ரான் 2007-இல் நாட்டிங்காமில் உருவானது. காட்டு வகைகள் அயல் டிஎன்ஏவை வெட்டித் தள்ளும். டாம், டிசிஎம் (டிஎன்ஏவில் மீதைல் குறி இடும் நொதிகள்) இல்லாத ஈ. கோலையிலிருந்து எடுத்த பிளாஸ்மிடையும் சாதாரண ஈ. கோலையிலிருந்து எடுத்ததையும் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

மாற்றுரு கிடைத்தபின் டைஃபினைல்கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் ஊதா நிறத்தை அளப்பீர்கள். செல் இல்லாத ஊடகம் ஒன்று, கொதிக்க வைத்துக் கொன்ற செல் ஒன்று கட்டாயம் கூட இருக்க வேண்டும். ஈஸ்ட் சாறு உள்ள ஊடகமே ஆறு-இணைதிற குரோமியத்தை ஓரளவு குறைத்துவிடும். அதைக் கழிக்காமல் மரபணுவின் கணக்கில் எழுதினால் முடிவே தவறாகிவிடும்.

கிரிஸ்பர் இருக்கும்போது இது எதற்கு?

ஈ. கோலையில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமா, வழிகாட்டி ஆர்என்ஏ காட்டும் இடத்தில் காஸ்9 நொதியால் டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் போதும். காஸ்9 வெட்டினால் பல பாக்டீரியாக்கள் பழுதுபார்க்க முடியாமல் செத்துவிடும்; பழுதுபார்க்கும் டிஎன்ஏவைக் கூடவே கொடுத்து, ஒத்த வரிசை மாற்றத்தையும் நம்பியிருக்க வேண்டும். இன்ட்ரானுக்கு அந்தச் சுமை இல்லை. கிரிஸ்பர் வழிகாட்டும் டிரான்ஸ்போசான்கள் (தாவும் டிஎன்ஏ துண்டுகள்) 2019-இல் வந்தன. அவை பெரிய மரபணுக்களையே சுமந்து, வழிகாட்டி ஆர்என்ஏ காட்டிய இடத்திலிருந்து சுமார் 50 முதல் 65 அடி தள்ளிச் செருகும். நீளமான சரக்கைச் செருக அவை சிறந்தவை. இன்ட்ரானில் கூடுதல் சரக்கு ஏற ஏறத் திறன் சரியும்.

அனுமதி வாங்க வேண்டுமா? எப்படி அழிப்பது?

வேண்டும். மரபணு மாற்றிய நுண்ணுயிர் எதுவும் அபாயகரமான நுண்ணுயிர்கள் பற்றிய இந்திய அரசின் 1989 விதிகளுக்குள் வரும். உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் பிரைமர் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். கழிவை 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் குறைந்தது 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே விடலாம். நடுவில் மின்சாரம் போனால் மீண்டும் முதலிலிருந்து. குரோமியம் கலந்த ஊடகத்தைத் தனியாகச் சேகரியுங்கள். ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், குரோமியத்தை ஒன்றும் செய்யாது. அதைக் கழுவுத்தொட்டியில் ஊற்றினால் மீண்டும் பாலாற்றுக்குத்தான் போகும்.

மரபணுவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது கட்டாயமா?

ஆம். எல்டிஆர்ஏ குறியீட்டை எடுத்துவிட்ட நம் இன்ட்ரான் சுமார் 2,000 அடி நீளம். ஓபரானின் (ஒரே ஆர்என்ஏவாகச் சேர்ந்து படிக்கப்படும் மரபணு வரிசையின்) நடுவே உட்கார்ந்தால் கீழே வரிசையாக இருக்கும் மரபணுக்களும் அடங்கிப்போகலாம். நீங்கள் பார்க்கும் மாற்றம் பக்கத்து மரபணுவால் வந்ததாக இருக்கலாம். உடைத்த மரபணுவை மட்டும் வேறு பிளாஸ்மிடில் அதன் புரோமோட்டரோடு கொடுத்து, இயல்பு திரும்புகிறதா என்று பாருங்கள். அதற்கு முன் டார்ஜெட்ரான் பிளாஸ்மிட் போய்விட்டதை உறுதிசெய்ய, மருந்தில்லாத திரவத்தில் சில முறை வளர்த்துத் தனிக் காலனிகளைக் கானமைசின் தட்டிலும் குளோராம்பெனிகால் தட்டிலும் தொட்டு வையுங்கள். முதல் தட்டில் வளர்ந்து இரண்டாவதில் வளராதவையே வேண்டும். மீட்புப் பிளாஸ்மிடின் குறியீடு கானமைசினாக இருக்கக் கூடாது. டெட்ராசைக்ளின் போன்ற வேறொன்றாக இருக்கட்டும். வெறும் பிளாஸ்மிட் ஏற்றிய மாற்றுருவையும் பக்கத்தில் வளர்த்து ஒப்பிடுங்கள்.